இரண்டு பேகன்கள்

நவம்பர் 28, வெள்ளி

குளியலறைத் தரைச் சல்லடையில் பெருச்சாளி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். முடி. ஆறு பெண்களின் முடியும் எண்ணெயும் சோப்பும் சேர்ந்து சுருண்டு கிடந்தது. குச்சியால் எடுத்தால் அறுந்து உள்ளே போய்விடும், கையால்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தேன். வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து வாந்தியையும் சேர்த்துக் கழுவினேன்.

வேலையில் முதல் நாள். இடத்தின் பெயர் தாய்மடி. எங்கள் ஊருக்கு மேலே, பூண்டுக் காடு முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் மரக்குடில்கள் கட்டியிருக்கிறார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பெண்கள் வந்து தங்குகிறார்கள். நடத்துகிறவர் தாரிணி. நாற்பது வயது இருக்கும். நெற்றியில் பிறை பச்சை குத்தியிருக்கிறார்.

"மேடம்னு கூப்பிடாதே, ப்ளீஸ். இங்க மேல கீழ கிடையாது. தாரிணின்னே கூப்பிடு. உன் பேரு?"

"எப்சிபா."

சமையல் சடையாண்டி அண்ணன் அடுப்படியிலிருந்தே சொன்னார். "அது சபையில வெச்ச பேரு மேடம். பொறந்த பேரு பேச்சி. பேருதான் பேச்சி, பேச மாட்டா."

தாரிணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேச்சியா! அது எவ்ளோ பழைய தேவி தெரியுமா? இங்க நீ பேச்சிதான்." பிடித்த கையை முகத்தில் வைத்துக்கொண்டார்.

அது முடி எடுத்த கை. 

டிசம்பர் 1, திங்கள்

விருந்தாளிகள் செருப்பில்லாமல் புல்லில் நடக்கிறார்கள். மண்ணோடு பேசுகிறார்களாம். அதே காலோடு வெள்ளை மெத்தை விரிப்பில் ஏறிப் படுக்கிறார்கள். விரிப்பெல்லாம் காட்டெருமைச் சாணி. கல்லில் அடித்துத் துவைத்தேன். தண்ணீர் விரலைக் கடித்தது.

வெங்காயம் உரிக்கும்போது சடையாண்டி அண்ணனிடம் கேட்டேன், இவர்கள் என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று.

"ஏசு வேதமும் இல்ல, நம்ம சாமியும் இல்ல புள்ள. இவுக பேகனாம்."

"பேகனா?"

"பேகன்தான். மேடம் வாயாலயே சொன்னாக. மரத்தக் கட்டிப் பிடிப்பாக, நெலாவப் பாத்து ஊளையிடுவாக. நமக்கென்ன? சாம்பாரக் கொற சொல்லாமச் சாப்பிடுறாக. அது போதும்."

என் கை நின்றுவிட்டது. பேகனை எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ஐயா சொல்லியிருக்கிறார். மயில் அகவியதைக் கேட்டு, அது குளிரில் நடுங்கி அழுகிறது என்று நினைத்து, தன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்ட அரசன். பழனி மலை முழுக்க அவனுடையது என்றால் எங்கள் மலையும் அவனுடையதுதான். அவனைக் கும்பிட ஆட்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு தூரத்திலிருந்து கார் பிடித்து வருகிறார்கள்.

ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. வளைவுக்கு வளைவு வாந்தி.

டிசம்பர் 2, செவ்வாய்

இங்கே மயில் எதுவும் இல்லை. போர்வை நிறைய இருக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

நேற்று பௌர்ணமி. நான் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டதால் எதையும் பார்க்கவில்லை. காலையில் பார்த்தது போதும். புல் முழுக்க மெழுகு. கற்பூரவல்லியை எரித்த நாற்றம். ரோஜாச் செடியடியில் ஒரு மண்குவளை, உள்ளே பீட்ரூட் சாறு மாதிரி ஏதோ காய்ந்திருந்தது. விரலால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

சடையாண்டி அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அது சாறு இல்ல புள்ள. அவுகளுக்கு... மாசாமாசம் ஆகுமே. அதத் தண்ணியில கலந்து மண்ணுக்குக் குடுக்குறாகளாம்." கவிழ்த்த குவளையை எட்டிப் பார்த்து, "நேத்து வரைக்கும் அந்தக் கொவளையிலதான் நான் தயிர் தோய்ச்சேன்" என்றார்.

என்னுடையதையே கண்ணை மூடிக்கொண்டு அலசுகிறவள் நான். மூன்று முறை கை கழுவினேன். மத்தியானம் சாப்பிடவில்லை. அண்ணனும் சாப்பிடவில்லை. தயிர்ச் சட்டியை அப்படியே பன்றிகளுக்கு ஊற்றினார்.

பேகன் இப்படியெல்லாம் செய்திருக்க மாட்டான்.

டிசம்பர் 7, ஞாயிறு

சபை. பாஸ்டர் சாலமோன் ஐயா தலையில் கை வைத்தால் அவர் உள்ளங்கை எண்ணெய் என் வகிட்டில் இறங்கும். இன்று அவர் ஆவி இறங்கி, யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசும்போது எச்சில் என் இமையில் விழுந்தது. துடைத்தால் தப்பாகிவிடும். காயும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நான் உருகி ஜெபிக்கிறேன் என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

முடிவில் மைக்கில் சொன்னார். "நம்ம மகள் எப்சிபா இப்ப அஞ்ஞானிகள் மத்தியில வேலை செய்யுது. கர்த்தர் ஒரு காரணத்தோடதான் அனுப்பியிருக்கார். வர்ற இருபத்தொண்ணாந் தேதி, ஞாயித்துக்கிழமை விடியக்காலையில, ஓடையில ஞானஸ்நானம். அதுக்கு முன்னால சபைக்கு முன்ன நின்னு மகள் சாட்சி சொல்லும்."

எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். என் காது சுட்டது.

வரும் வழியில் அம்மாவிடம் எனக்கு வராது என்றேன்.

"என்ன வராது? நாலு வார்த்தை. மோசேக்கே திக்குவாய்தான்டி."

"மோசே சபையில நிக்கலம்மா."

அம்மா சிரிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வேலி வந்ததும் நின்றாள். "அந்தா ஒங்கப்பா. பக்கத்துல எனக்கு எடம். முழுக்கு எடுக்காதவுகளுக்கு உள்ள எடம் கெடையாது. நாளைக்கு நீ மட்டும் எங்கடி போவ?"

நான் சாவதைப் பற்றி என்னைவிட அம்மா அதிகம் யோசிக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அப்பா வேதத்தில் சேர்ந்தவர் என்று ஊர் மயானத்தில் இடம் மறுத்துவிட்டார்கள். பாஸ்டர் ஐயாதான் தூக்கி வந்து குளிப்பாட்டி, குழி தோண்டவும் கூட நின்றார். அப்பா முழுக்கு எடுத்த அன்று சாயங்காலமே குடித்தவர் என்பது ஐயாவுக்கும் தெரியும். இதை நான் மறக்கவில்லை. எச்சிலைத் துடைக்காமல் இருந்ததும் அதனால்தான்.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று தாரிணி அக்காவிடம் நானாகப் பேசினேன். தலையணை உறை மாற்றும்போது கேட்டுவிட்டேன். "அக்கா, பேகன்னா மயிலுக்குப் போர்வை குடுத்தவருதான?"

அவருக்குப் புரிய நேரமானது. பிறகு கட்டிலில் சாய்ந்து சிரித்தார். "அந்தப் பேகனா! ஐயோ, இல்லம்மா. இது இங்கிலீஷ் வார்த்தை. இரு, தமிழ்ல என்னன்னு பாப்போம்." போனில் தட்டினார். முகம் மாறியது. என்னிடம் காட்டினார்.

அஞ்ஞானி என்று இருந்தது.

"சீ. இது மிஷனரிங்க போட்ட வார்த்தை. கண்டுக்காதே" என்றார். உட்காரச் சொன்னார். மெத்தையில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தேன். அவரும் இறங்கித் தரைக்கு வந்தார். இவர்களுக்கு வேதப் புத்தகம் இல்லை, பாஸ்டர் இல்லை, பாவம் இல்லை. வருகிற இருபத்தொன்று விடிகிற இரவுதான் வருஷத்திலேயே நீளமான இரவு, அதன் பிறகு சூரியன் திரும்பி வருகிறது, அதற்காகத் தீ மூட்டுவார்கள். "உனக்கு எதத் தொட்டா உள்ள நடுங்குதோ அதுதான் உன் சாமி, பேச்சி. அதுக்கு என்ன செய்யணும்னு தோணுதோ அதுதான் பூசை. யாரும் உனக்குச் சொல்லித் தர முடியாது."

இது எனக்குப் பிடித்திருந்தது. சத்தியமாகப் பிடித்திருந்தது. யாரும் சொல்லித் தர முடியாது என்றால் யார் முன்னாலும் ஒப்பிக்கவும் வேண்டாம்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் என் மயில் கதை எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது. "சோ க்யூட்" என்றாள் ஒருத்தி, வாயில் சப்பாத்தியோடு. நான் பேசிய ஒரே வாக்கியத்தை ஊறுகாய் மாதிரி ஆளாளுக்குத் தொட்டுக்கொண்டார்கள்.

டிசம்பர் 11, வியாழன்

அவர்கள் எழுவதற்கு முன்னால் சோலை ஓரம் போனேன். பாசி பிடித்த மரத்தைத் தொட்டேன். ஊற்றுத் தண்ணீரைத் தொட்டேன். ஒரு பெரிய கல்லின் மேல் கன்னத்தை வைத்தேன். ஒன்றும் நடுங்கவில்லை. காலில் இரண்டு அட்டை ஏறியதுதான் மிச்சம்.

தொட்டால் நடுங்குவது எனக்கு ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால், விறகுக் கொட்டகையில், உரச்சாக்குக்குள் கட்டிக் கிடக்கிறது. அதைப் போய்ச் சாமி என்று சொல்ல முடியாது. நாறும்.

டிசம்பர் 14, ஞாயிறு

சபை முடிந்த பிறகு பாஸ்டர் ஐயா என்னை நிறுத்திச் சாட்சி பழக்கினார். அவர் சொல்ல நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"என் தகப்பன் குடிக்கு அடிமையா இருந்தார். சொல்லு மகளே."

உதட்டை அசைத்தேன்.

"குடிச்சு, ரோட்டோரத்துல, ஒரு மிருகத்தோட மிருகமா விழுந்து செத்தார். அந்தச் சாபத்துலருந்து கர்த்தர் என்ன மீட்டார்."

அம்மா பக்கத்தில் நின்று சேலை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயா கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். ஆனால் அவர் வாயிலிருந்து அப்பா வரும்போது மென்று துப்பியது மாதிரி வருகிறார். அதை நான் எடுத்து என் வாயில் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

டிசம்பர் 16, செவ்வாய்

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே தாரிணி அக்கா, பேச்சி ஏன் இப்படி ஊமையாக இருக்கிறாள் என்று கேட்டதும், சடையாண்டி அண்ணன் சொல்லிவிட்டார். எனக்குக் கேட்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. குழாய் திறந்திருந்தது.

"அவுகப்பன் குதிரைக்காரன் மேடம். மேக்காட்டுலருந்து பூண்டு மூட்டை ஏத்தியாருவான். ரெண்டு வருசம் முன்ன, இதே மார்கழிப் பனி. வர்ற வழியில குதிரைக்குச் சீக்கு, படுத்திருச்சு. இவன் இருந்த ஒத்தக் கம்பளிய அதுக்குப் போர்த்திட்டுப் பக்கத்துல குத்தவெச்சிருக்கான். காலையில பாத்தா வெறைச்சுக் கெடக்கான். குதிரையும் மூணாம் நாளு போயிருச்சு."

"குடிச்சிருந்தாரா?"

"குடிச்சிருந்தான்தான், இல்லேங்கல. ஆனா குடிச்சவன் தனக்குல்ல மேடம் போர்த்துவான்?"

தாரிணி அக்கா ஓடி வந்து, சோப்பு நுரையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவருடைய மூக்குச்சளி என் கழுத்தில் ஒட்டியது. "பேச்சி, இதுதான் உண்மையான பேகன். உங்கப்பா. இருபத்தொண்ணு காலையில, சூரியன் வர்றப்ப, தீக்கு முன்னால நீ இதச் சொல்லணும். உன் வாயால. ரெக்கார்ட் பண்ணிக்கலாமா? எத்தன பேருக்கு இது மருந்து தெரியுமா?"

பின்னால் வந்து நின்ற விருந்தாளி ஒருத்தி, தான் அட்டையில் குதிரை முகமூடி செய்து போட்டுக்கொள்வதாகச் சொன்னாள்.

டிசம்பர் 17, புதன்

பஸ்ஸில் நான் ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை.

அப்பா போய் ஒரு மாதம் கழித்துத்தான் தமிழ் ஐயா பேகனை நடத்தினார். மயிலுக்குக் குளிராது, அதற்குத் தோகை இருக்கிறது, அது தெரியாமல் கொடுத்தான், இதற்குப் பெயர் கொடைமடம் என்று கரும்பலகையில் எழுதினார். கொடுக்கும்போது கணக்குப் பார்க்காத மடத்தனம். அதுவும் ஒரு பெருமை என்றார். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "குதிரைக்குக் குடுத்தா ஐயா?" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஐயாவுக்கு என் அப்பா கதை தெரியாது. அவரும் சிரித்துவிட்டு, "அதுவும் கொடைமடம்தான்டா. எங்க, பேச்சி, எந்திரிச்சு நீ வாசி" என்றார்.

எழுந்தேன். புத்தகத்தின் மேலேயே வாந்தி எடுத்தேன். மறுநாள் போகவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

ஒரே நாள், ஒரே விடியல். ஓடையிலும் அப்பா வேண்டும், தீக்கு முன்னாலும் அப்பா வேண்டும். ஓடையில் அவர் மிருகம். தீக்கு முன்னால் அவர் மருந்து.

அம்மா வெள்ளைப் பாவாடை தாவணி தைத்து வாங்கி வந்திருக்கிறாள். கொக்கி சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கச் சொன்னாள். சரியாக இருந்தது.

டிசம்பர் 20, சனி

தாரிணி அக்காவிடம் போய், நாளைக்கு வர மாட்டேன் என்றேன்.

"பயமா? இட்ஸ் ஓகே. நீ சும்மா உக்காந்திரு. நான் சொல்றேன். பேரு மாத்திச் சொல்றேன், சரியா?"

"வேண்டாம்."

"இது அழகான கதை பேச்சி."

"வேண்டாம்க்கா."

இரண்டு வேண்டாம். என் குரலை நானே கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. நல்லது செய்ய வந்தவரின் முகம், பாஸ்டர் ஐயாவுடையதைப் போலவே. ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் விறகுக் கொட்டகைக்குப் போனேன். அம்மா அந்தச் சாக்கில் இருப்பதை எரிக்கச் சொல்லியிருந்தாள். எரித்துவிட்டேன் என்று பொய் சொல்லி ஒளித்திருந்தேன். இரண்டு வருஷமாகத் தொட்டதில்லை. சாக்குக் கட்டை அவிழ்த்ததும் வந்தது. குதிரை மூத்திரம், சாராயம், பூண்டு, வியர்வை, எலிப்புழுக்கை, எல்லாம் சேர்ந்த நாற்றம். அப்பாவைக் கிடத்தியிருந்தபோதும் இதுதான் அடித்தது. முகத்தைப் பார் என்று என்னைக் குனிய வைத்தார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்தேன். மறுபடி உள்ளே போய்க் கம்பளியைக் கையால் எடுத்தேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

அம்மா எழும் முன்னே கிளம்பிவிட்டேன். வெள்ளைப் பனி. புல் உப்புக் கொட்டியது மாதிரி இருந்தது, மிதித்தால் நொறுங்கியது. மேலே தாய்மடியில் பறை மாதிரி ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குச் சிமெண்டு கட்டவில்லை. மண்மேடுதான், தலைமாட்டில் மரச் சிலுவை. மேட்டின் மேலும் பனி. கையால் தள்ளினேன். விரல் மரத்துப்போனது. கம்பளியை விரித்து, தலையிலிருந்து கால் வரை போர்த்தினேன். அவ்வளவுதான். ஜெபம் சொல்லவில்லை. கண்ணை மூடவில்லை. நாற்றம் அடித்துக்கொண்டே இருந்தது. உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம்.

பாட்டுச் சத்தம் கேட்டது. சபை ஓடைக்குப் போகும் வழி தோட்டத்தை ஒட்டித்தான். முன்னால் பாஸ்டர் ஐயா, பின்னால் வெள்ளை உடுப்பில் மூன்று பேர், கடைசியில் அம்மா. என் வெள்ளைத் துணி மஞ்சள் பையில் அவள் இடுப்பில் இருந்தது. என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள்.

ஐயா வேலி தாண்டி வந்தார். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "என்ன மகளே இது, அஞ்ஞான வேலை? செத்தவருக்குக் குளிருமா?"

"மயிலுக்கும் குளிராது ஐயா."

அவருக்குப் புரியவில்லை. யாருக்கும் புரியவில்லை. நான் விளக்கவில்லை. சாட்சி என்று நான் சொன்னது இது ஒன்றுதான், இனியும் இவ்வளவுதான்.

"எந்திரி. ஜனங்க காத்திருக்காங்க."

நான் எழவில்லை. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எரித்துவிட்டேன் என்று நான் சொன்ன கம்பளி. அடிப்பாள் என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"நீங்க போங்க ஐயா" என்றாள் அம்மா. "வந்தவுகளுக்குக் குடுங்க. எம்மக இன்னைக்கு வரல."

அவர்கள் போனார்கள். கொஞ்ச தூரம் போய்த்தான் பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அம்மா பையைக் கீழே வைத்தாள், கால்மாட்டில் கம்பளியை மண்ணுக்கு அடியில் செருகினாள். பிறகு தலைமாட்டுக்கு வந்து, சிலுவை வரை நான் இழுத்துவிட்டிருந்ததை ஒரு முழம் கீழே மடித்துவிட்டாள்.

"மூஞ்சிய மூடாத புள்ள. அவருக்கு மூஞ்சிய மூடுனா தூக்கம் வராது."

டிசம்பர் 22, திங்கள்

வேலைக்குப் போனேன். சாம்பலில் பாதி எரிந்த குதிரை முகமூடி கிடந்தது. தாரிணி அக்கா என்னை எப்சிபா என்று கூப்பிட்டார். சல்லடையில் முடி. கையால் எடுத்தேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞானஸ்நானம், அதற்குள் யோசி என்று பாஸ்டர் ஐயா சொல்லி அனுப்பியிருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் எனக்கு இடம் கிடைக்குமா என்று அம்மா திருப்பிக் கேட்டனுப்பவில்லை.

வரும் வழியில் பார்த்தேன், அப்பா மேல் கம்பளி இல்லை. யாரோ தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று வேலி ஓரமெல்லாம் தேடினேன். வீட்டுக்கு வந்தால் அம்மா அதைப் போர்த்திக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பகலில் வெயிலில் போட்டிருக்கிறாள், துவைக்கவில்லை.

"நாறுதும்மா" என்றேன்.

"நாறட்டும்" என்றாள். "விடியக்காலையில கொண்டு போயி அவருக்குப் போர்த்திட்டு, அப்புறம் வேலைக்குப் போ."